பருவத்துக்கு முன் மூன்று ஆட்டங்கள்

எங்கள் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் செப்டெம்பரில் ஸ்பெயினுக்குப் படிக்கப் போய்விட்டான். போகப் போவது அவனுக்கு வசந்த காலத்திலேயே தெரியும். எங்களுக்குத் தெரிந்தது அவன் விமான நிலையத்திலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான். போட்டிப் பருவம் தொடங்க ஐந்து வாரம் இருந்தது. பயிற்சியாளர் எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்குப் பத்துப் பந்து எறியச் சொன்னார். பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு பழைய டயர் தொங்கியது. என் பத்தில் எட்டு அதற்குள்ளால் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, நீதான்" என்றார். என் பதவியேற்பு அவ்வளவுதான்.

நாங்கள் விளையாடியது ஃபிளாக் ஃபுட்போல். அமெரிக்கர்கள் தலைக்கவசம் போட்டு மோதி விழுந்து விளையாடுகிறார்களே, அதையே மோதாமல் விளையாடுவது. இடுப்பின் இரண்டு பக்கமும் துணிப்பட்டி தொங்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டியை எதிராளி இழுத்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, ஓடுகிறவர்களில் யாருக்கு எறிவது என்று ஏழு விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் பிழை விட்டால் அது அவரவர் பிழை. குவார்ட்டர்பேக் பிழை விட்டால் அணியே தோற்கும்.

இந்த விளையாட்டில் என் அனுபவம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முந்தைய வருடம் முழுவதும் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் நின்றவள் நான். வெற்றியோ தோல்வியோ நிச்சயமான பிறகு, கடைசி இரண்டு நிமிடங்களுக்கு இரக்கப்பட்டு இறக்குவார்கள். பந்தை இரண்டு தடவை தொட்டிருப்பேன்.

ஆனால் கை இருந்தது. சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில், ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மற்றப் பல்கனிகளில் இருந்து கயிற்றில் கூடை இறக்குவார்கள். எங்களிடமும் கூடை இருந்தது. அம்மா அதை இறக்கி, நான் சாமான் வைத்து, அவர் இழுத்து முடிக்கும் வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. பாண் ரொட்டி, வெங்காயம், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் தெருவில் நின்றே மேலே எறிந்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். அம்மா ஏசிக்கொண்டே பிடிப்பார். பத்து வயதில் ஒரு தடவை தக்காளிப் பை இரண்டாம் மாடி சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியத் திருமதியின், காயப்போட்ட வெள்ளை விரிப்பில் போய் விழுந்து உடைந்தது. அந்த விதவை சிஞ்ஞோரா அன்று தொடங்கி எங்கள் வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். அதற்குப் பிறகு என் குறி தவறவே இல்லை, பயத்தில்.

பயிற்சியாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். அதிகம் கதைக்க மாட்டார். முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னது இத்தாலியத்தில். என் நினைவில் எல்லாரும் எங்கள் வீட்டுத் தமிழில்தான் கதைக்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.

"உன்னட்டை நான் ஒண்டும் எதிர்பாக்கேல்லை. பந்தை எதிராளியின்ரை கையிலை குடுக்காமல் இருந்தால் காணும்."

அதே நாள் அணியின் இன்ஸ்டகிராம் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, புதிய முகம், புதிய நம்பிக்கை என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒன்றுமே எதிர்பார்க்கவில்லை, மறுபக்கம் நம்பிக்கையாம். இரண்டையும் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும், தேடிப் போகத் தேவையில்லை.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கூடும்போது, மன்னார்க்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"ஃபுட்போல் விளையாடுறீராம். எத்தினை கோல் அடிச்சனீர்?"

"இதிலை கோல் இல்லை, மாமா."

"அப்ப என்னத்துக்கு விளையாடுறீர்?"

பதில் சொல்லும் முன் அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, நல்ல இடத்தில் ஒரு பெடியன் இருக்கிறான் என்று தொடங்கிவிட்டார். அம்மா சிரித்துத் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறிய பிறகு, "அந்தாளுக்கு வேறை வேலை இல்லை" என்றார். அம்மாவின் எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்று: நான் பல் உடையாமல் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு மடு மாதாவிடம் ஒரு மெழுகுதிரியும் சொல்லி வைத்திருந்தார்.

அப்பா வடக்கில், மிலானுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கும் ஆகஸ்ட் விடுமுறைக்கும் வருவார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, அதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் ஆம் என்பதற்கு இத்தாலியத்தில் 'சீ' என்று சொல்லக் கூடாது. ஏழெட்டு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து, சாப்பிட்டியோ என்று கேட்ட அம்மாவிடம் 'சீ' என்றேன்.

"தாயைப் பாத்து சீ எண்டு சொல்லுறியோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என் முன்னால் குந்தினார்.

"விடிஞ்சால் பொழுதுபட்டால் வேலைக்குப் போற சிஞ்ஞோரா வீட்டிலை சீ சீ எண்டு சொல்லித்தான் நான் சாகிறன். இஞ்சையாவது எனக்கு ஆரும் ஓம் எண்டு சொல்லுங்கோ."

அந்த வயதில் முழுதும் விளங்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'ஓம்' தவிர வேறு ஆம் இல்லை. கதவைப் பூட்டினியோ, ஓம். படிச்சியோ, ஓம். அறைக்கு அறை கத்திக் கதைப்பதுதான் எங்கள் வழக்கம், அதுவும் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு. இரண்டாம் மாடி சிஞ்ஞோரா படிக்கட்டில் அம்மாவைக் காணும்போதெல்லாம், "உங்கடை மனிசன் வந்திட்டாரோ?" என்று கேட்பார். வரவில்லை என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார். "எங்களை உளவு பாக்கிறாள்" என்று அம்மாவுக்கு அடங்காத ஆத்திரம். அப்பா மூன்று மாதமாக வராத வீட்டில் அப்பா வந்துவிட்டாரா என்று வாரம் ஒரு தடவை கேட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது.

இனி மைதானத்துக்கு வருகிறேன். பிரான்காச்சோவில், மோட்டார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த திடல். புல் பாதி, மண் பாதி. எதிரணி தடுப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவது. இத்தாலியத்தில் அதற்கு 'உவோமோ' என்று பெயர், ஆண், ஆள் என்று பொருள். மற்றது, ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடத்தைக் காவல் காப்பது, அது 'சோனா'. ஆளுக்கு ஆள் என்றால் எங்களவர்கள் நிற்காமல் ஓட வேண்டும். சோனா என்றால் காவல்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தில் போய் நிற்க வேண்டும். நான் அதைப் பார்த்து அதற்கேற்ற இடத்துக்குப் பந்தை எறிவேன். இது எல்லாருக்கும் ஒன்றாக விளங்கினால்தான் சரிவரும்.

அதை விளங்க வைப்பது சென்டரின் வேலை. குனிந்து கால்களுக்கு இடையால் பந்தை எனக்குத் தருபவன் அவன். எனக்கு மிகக் கிட்ட நிற்பவனும் அவன்தான். எங்கள் சென்டர் பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிற பொறியியல் மாணவன். வீட்டில் தாத்தாவிலிருந்து தங்கச்சி வரை இந்தத் தீவின் பேச்சுமொழியான சிசிலியம்தான் பேசுவார்கள். அவனுடைய இத்தாலியத்திலும் அது தூக்கலாக இருக்கும். குனிந்தபடியே எதிரணியைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதை, "சோனா?" என்றோ "உவோமோ?" என்றோ என்னிடம் கேட்பான். நான் ஆமோதிப்பேன், அல்லது திருத்துவேன். என் முடிவை அவன் இரண்டு பக்கமும் கத்திச் சொல்வான். பந்து கைக்கு வரும்.

எங்கள் பயிற்சிகளில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அங்கே ஒன்பது பேருக்கு மேல் வருவதில்லை, தடுக்க நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள், அதனால் ஆளுக்கு ஆள்தான் தடுப்பது. நான் நினைத்த இடத்தில் பந்து விழுந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, மறைப்பானேன்.

முதல் பயிற்சி ஆட்டம் எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களோடு. வயிறு வைத்த ஆட்கள், ஓட முடியாதவர்கள், ஆகவே இடத்தைக் காவல் காத்தார்கள். நான் வெற்றிடத்தைப் பார்த்து எறிந்தேன். அங்கே யாரும் இல்லை. எங்களவன் நிற்காமல் ஓடிப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்விட்டிருந்தான். வயிறு வைத்த ஒருவர் இருந்த இடத்திலேயே கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை. எதிராளி கையில் கொடுக்காதே என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே விஷயம். அதை நான் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது ஆட்டம் கத்தானியாவிலிருந்து வந்த அணியோடு. அவர்கள் முதல் பாதியில் ஆளுக்கு ஆள் ஓடினார்கள். மூன்று தடவை கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தோம். இடைவேளையில் எல்லாரும் என் தோளில் தட்டினார்கள். இரண்டாம் பாதியில் அவர்கள் சோனாவுக்கு மாறினார்கள், என் கதை முடிந்தது. மறுபடியும் வெற்றிடத்தில் யாரும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நேரே சென்டரிடம் போனேன்.

"ஏன் எல்லாரையும் ஓட விட்டனீ? சோனா எண்டு தெரியாதோ?"

"நான் சோனா எண்டுதான் கேட்டனான். நீதான் மாத்திச் சொன்னனீ."

"நான் ஒண்டும் மாத்தேல்லை!"

"மாத்தினனீ. எனக்குக் காது இருக்கு."

"பொய் சொல்லாதை!"

அவன் முகம் சிவந்துபோனது. தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டான். நான் மாற்றவில்லை என்பது எனக்கு நிச்சயம். அவன் சோனா என்றான், நான் சரி என்றேன், அவன் திரும்பி உவோமோ என்று கத்தினான். என் காதால் கேட்டேன். வேண்டுமென்றே செய்கிறான் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் செய்கிறான் என்பது அடுத்த பயிற்சியில் விளங்கியது போல இருந்தது. பயிற்சியாளர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சனிக்கிழமை மெசினா அணியோடை கடைசி ஆட்டம். சோனா வந்தால் இவளுக்குக் கண் தெரியுதில்லை. அண்டைக்கும் இப்படியெண்டால் இடத்தை மாத்துறன். பந்தை அவன் எறியட்டும், நீ குனிஞ்சு குடு." அப்படியா சங்கதி, என்று நினைத்தேன். என் இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனை நாடகம்.

அந்த வாரம் முழுக்க, என் இடம் பறிபோகலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். சும்மா ஒரு விளையாட்டு என்று நினைத்துப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் மற்றவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நடந்து பழகிய பிள்ளை நான். முதல் தடவையாக ஒரு மைதானத்தின் நடுவில் என்னை நிறுத்தி, நீ சொல், நாங்கள் ஓடுகிறோம் என்றார்கள். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் தீர்மானம் எடுத்தேன். சனிக்கிழமை ஆட்டம் தொடங்க முன், முழு அணிக்கும் முன்னால், சென்டர் பொய் சொல்கிறான் என்று பயிற்சியாளரிடம் சொல்வது. அவனா நானா என்று கேட்பது. இத்தாலிய வசனங்களைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். சொல்லப் போகும் விதத்தில் அவனால் இனி அந்த அணியில் தலை நிமிர்த்தி நிற்க முடியாது. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு முதலில் வந்தது நாங்கள் இருவரும்தான். நேரத்துக்குப் பஸ் வந்தது என் கெட்ட காலம் என்று நினைத்தேன். ஒரே நீள வாங்கின் இரண்டு அந்தத்திலும் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டினோம். அப்போது அம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுடன் தொலைபேசியில் எனக்கு அதிகம் வேலை இருக்காது. அவர் கேட்டுக்கொண்டே போவார், நான் பதில் சொன்னால் போதும்.

"போய்ச் சேர்ந்திட்டியோ?"

"ஓம்."

"தண்ணி கொண்டு போனனீயோ?"

"ஓம்."

"பல்லுக்குப் போடுறது எடுத்தனீயோ?"

"ஓம்."

"வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வாறியோ?"

"ஓம், அம்மா, ஓம்."

வைத்துவிட்டுப் பார்த்தால், சென்டர் சப்பாத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஆரோடை கதைச்சனீ?"

"அம்மாவோடை. உனக்கென்ன?"

"அம்மாவோடையோ? அம்மாவுக்கு ஏன் திருப்பித் திருப்பி ஆம்பிளை, ஆம்பிளை எண்டு சொன்னனீ?"

"என்ன ஆம்பிளை?"

"ஓமு. ஓமு, ஓமு எண்டு அஞ்சு தரம் சொன்னனீ."

ஓமு. சிசிலியத்தில் உவோமோவுக்கு அதுதான் சொல். ஆண், ஆள். பலேர்மோவில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு அது தெரியாமல் இல்லை. தினமும் மீன் கடையிலும் பஸ்ஸிலும் கேட்கிற சொல். ஆனால் அந்த ஓமுவும் எங்கள் வீட்டு ஓமும் என் தலைக்குள் ஒரு நாளும் ஒன்றையொன்று கண்டதில்லை.

"அது ஓமு இல்லை," என்றேன். "ஓம். எங்கடை பாஷையிலை அது சீ."

அவன் சப்பாத்துக் கயிற்றைக் கையிலிருந்து விட்டான். பிறகு எழுந்து, எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். பந்து இல்லாமல், அரைவாசி கட்டிய சப்பாத்தோடு.

"சோனா?" என்று அவசரமாகக் கேட்டான்.

"ஓம்," என்றது என் வாய். நான் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது.

அவன் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகுதான் சிரிப்பு. ஆறுதலாகக் கதைக்கும்போது 'சீ' என்று சொல்பவள், அவசரம் வந்ததும் அம்மாவின் வீட்டுக்குள் ஓடிப் போய்விடுகிறேன். இவன் சோனா என்று கேட்டு நான் ஓம் என்ற ஒவ்வொரு தடவையும் இவன் காதில் அது ஓமு, ஆளுக்கு ஆள் என்றே விழுந்திருக்கிறது. உவோமோ என்று கேட்டபோது நான் ஓம் என்றதில் பிழையே இல்லை. அதனால்தான் பாதி ஆட்டம் கெட்டிக்காரி, பாதி ஆட்டம் குருடி. என் கண்ணிலும் பிழை இல்லை, அவன் நாக்கிலும் பொய் இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போல் என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது ஒரேயடியாக இறங்கியது. இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் எல்லாரும் வந்திருப்பார்கள். நான் எழுந்து நின்று இந்த மனிதனைப் பொய்யன் என்று சொல்லியிருப்பேன்.

அதை அவனிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நீ என்ரை இடத்துக்கு ஆசைப்பட்டு வேணுமெண்டு செய்யிறாய் எண்டு நினைச்சன். இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்ல இருந்தனான்."

"உன்ரை இடமோ?" அவன் உண்மையாகவே திகைத்துப் போனான். "என்ரை கையைப் பாத்தனீதானே? பத்துப் பந்திலை ஒண்டுகூட டயருக்குள்ளாலை போகேல்லை. போன கிழமையே மாத்தப் போறன் எண்டு அவர் சொன்னவர், எனக்குச் சோனா தெரியுதாம். நான்தான் இன்னுமொரு ஆட்டம் குடுங்கோ எண்டு கேட்டனான்."

அதற்குப் பிறகு எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்றேன். அவன் சப்பாத்தின் மற்றப் பாதியைக் கட்டிக்கொண்டே, அடுத்த தடவை பகேரியாவுக்கு ரயிலில் வந்து தாத்தாவிடம் சிசிலியம் படி என்றான்.

மெசினா அணி முதலிலேயே சோனாவில் நின்றது. எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். முதல் தடவை நான் கவனமாகச் 'சீ' சொல்ல முயன்றேன். அதை யோசித்து எடுப்பதற்குள் பந்து வந்து என் வயிற்றில் அடித்துக் கீழே விழுந்தது. ஓரத்தில் பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை குனியும் முன் சென்டர் தலையைத் திருப்பிச் சொன்னான்: "நீ உன்ரை சொல்லைச் சொல்லு. மிச்சம் என்ரை வேலை."

"சோனா?"

"ஓம்."

"சோனா! சோனா!" என்று அவன் இரண்டு பக்கமும் கத்தினான்.

எறிந்தேன். வெற்றிடத்தில் ஆள் நின்றது. சட்ட மாணவி ஒருத்தி, இரண்டு காவல்களுக்கு நடுவில், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் போல ஆறுதலாக நின்று பந்தை மார்போடு அணைத்தாள். ஒரு பந்து நினைத்த இடத்தில் நினைத்த ஆளிடம் போய்ச் சேர்வதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சேர்த்து நான்கு தடவை கோட்டைத் தாண்டினோம். மெசினாக்காரர்கள் ஐந்து தடவை. தோற்றோம், ஆனால் எங்கள் பக்கத்தில் யாருமே தோற்ற முகத்தோடு நிற்கவில்லை.

பயிற்சியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சோனாவிலை எப்ப தொடக்கம் கண் தெரியுது?"

சொன்னோம். இருவரும் ஒன்றாகக் கத்திச் சொன்னதில் அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். கடைசியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காணும். பருவம் முழுக்க நீதான் எறியிறாய். சம்மதமோ?"

"ஓம்," என்றேன்.

அவர் திடுக்கிட்டுச் சென்டரைப் பார்த்தார். "சீ எண்டு சொல்லுறாள்," என்றான் அவன், நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அதற்குப் பிறகு பயிற்சியாளர் என்னிடம் எதிர்பார்க்கவில்லை என்ற சொல்லை எடுத்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தில் இருந்து எனக்குள் நானே சிரித்துக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் இடம் மாறிப் போய் இருந்தார். எங்கள் தெருமுனையில் அம்மா சொன்ன பாணை வாங்கினேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது, பல்கனிகளில் எல்லாம் சனம். அம்மா கம்பியில் சாய்ந்து தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். படியேறும் வரை பொறுக்க எனக்கு ஏலாமல் இருந்தது. பாணை எறிந்தேன். அம்மா பிடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு நாளும் தெருவில் குரல் உயர்த்தாதவர், மேலிருந்து கத்திக் கேட்டார்.

"பிள்ளை! உன்னையோ அந்த இடத்திலை வைச்சிருக்கினம்?"

"ஓம்!" என்று கத்தினேன். "ஓம், அம்மா! ஓம்!"

இரண்டாம் மாடிப் பல்கனிக் கதவு படாரென்று திறந்தது. விதவை சிஞ்ஞோரா வெளியே பாய்ந்து வந்து, கீழே என்னையும் மேலே அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடமாக எங்கள் ஜன்னலால் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த கேள்வி ஒருவழியாக அவர் வாயிலிருந்து வந்தது.

"எந்த ஓமு? உங்கடை வீட்டிலை அப்பிடி எந்த ஆம்பிளைதான் இருக்கிறான்?"

அம்மா ஒரு கணம் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கியது, அவர் முகத்தில் அது ஏறியதைத் தெருவிலிருந்தே கண்டேன். கம்பிக்கு மேலால் நன்றாகக் குனிந்து, தன்னுடைய உடைந்த இத்தாலியத்தில், தெருவே கேட்கச் சொன்னார்:

"ஆம்பிளை ஒருத்தனும் இல்லை, சிஞ்ஞோரா. அது என்ரை மகள்."